சுவரைப் பார்த்த கதிரை

போன மாதம் நளினி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது விட்டு வந்த ஆறாம் வகுப்பு இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. வரும்போதே முகத்தில் ஒரே மலர்ச்சி. இனிமேல் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளை எடுக்கப் பரீட்சை வைக்கத் தேவையில்லை என்று பேச்சு அடிபடுகிறதாம். வீடு எவ்வளவு தூரம், தாய் தகப்பன் எங்கே படித்தவர்கள், அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இங்கே படிக்கிறார்களா என்று கேட்டுப் புள்ளி போட்டுக் கூட்டினால் வேலை முடிந்துவிடுமாம்.

“அப்ப பிள்ளையைப் பாக்கிறேல்லையோ?” என்று கேட்டேன்.

“அதுக்கென்ன தேவை ரீச்சர்? நீங்கள் அந்த நாளையிலை எப்பிடி எடுத்தனீங்கள்?”

“நாங்களும் பாக்கிறேல்லைத்தான். சுவரைப் பாத்துக்கொண்டு எடுத்தனாங்கள்.”

கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். மரியாதையான பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள். மூளை கலங்கவில்லை என்று காட்டுவதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கரம்பொன் என்கிற தீவு ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே படித்ததில் கடைசிவரை எனக்கு உதவியது கரும்பலகையில் வரி வளையாமல் எழுதுவது ஒன்றுதான். மிச்சமெல்லாம் வகுப்புக்குள் போன முதல் வாரத்திலேயே பறந்துபோயிற்று. 1956இல் நியமனம் வந்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த பெரிய பள்ளிக்கூடம். அதன் பெயர் இங்கே வேண்டாம். தீவுப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது.

அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்துச் சின்னப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஐந்தாம் வகுப்போடு கதவு சாத்தப்பட்டுவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் எங்களிடம் வரவேண்டும். நாரந்தனையிலிருந்து நடந்து வருவார்கள், நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வள்ளமேறி வருவார்கள். எங்களிடமோ ஆறாம் வகுப்பு ஒன்றே ஒன்று. பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளை நெருக்கிப் போட்டால் நான் கரும்பலகைக்கும் முதல் வாங்குக்கும் இடையில் பக்கவாட்டில்தான் நடக்கலாம். அதனால் ஒவ்வொரு மார்கழியிலும் யாரை எடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்கிற தலையிடி வரும்.

நான் போன புதிதில் அந்தத் தலையிடிக்கு ஒரு மருந்து இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் யாருடைய பிள்ளை, யாரோடு வந்தது, வரும்போது கையில் மாம்பழம் இருந்ததா, பனங்கட்டி இருந்ததா என்பதெல்லாம் அதிபரின் நினைவில் நிற்கும். அருளப்பு சேர் அதிபராக வந்த பிறகு அந்த மருந்து நின்றுபோயிற்று.

மெலிந்த உயரமான மனிதர். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. சத்தம் போட்டு யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. அவருக்குப் பிடிக்காத காரியம் ஒன்றை யாராவது செய்தால் “நல்லது” என்பார், அவ்வளவுதான். அந்த ‘நல்லது’ காதில் விழுந்தவருக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. வந்த முதல் வருடம் சேர்ப்புக்கான நாளில், தன்னுடைய அறையான கந்தோரில் மேசைக்குப் பின்னால் தான் உட்காருகிற கதிரையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதையும் கழற்றிவிட்டார்.

“இதென்ன சேர்?” என்று கேட்டேன்.

“ரீச்சர், இந்தத் தீவிலை எனக்குத் தெரியாத முகம் இல்லை. பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தால் தேப்பன்ரை முகம் தெரியும். தேப்பன்ரை முகம் தெரிஞ்சால் அந்தாள் தந்த தேத்தண்ணி ஞாபகம் வரும். பிறகு நான் என்னெண்டு புள்ளி போடுறது?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதுதான் முறை. காலையில் மண்டபத்தில் கணக்கும் சொல்வதெழுதுதலும் நடக்கும். இடைவேளைக்குப் பிறகு கந்தோரில் வாசிப்பு. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு கதவால் உள்ளே வந்து, வாசித்து முடித்து, மற்றக் கதவால் விளையாட்டு மைதானத்துப் பக்கம் போய்விட வேண்டும். வந்தவர்களும் வரப்போகிறவர்களும் சந்திக்கக் கூடாது. வாசிக்க வேண்டிய பந்தியை அருளப்பு சேரே புதிதாக எழுதி ஒரு மட்டையில் ஒட்டி வைத்திருப்பார். பிள்ளை அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று வாசிக்கும். வாசித்து முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்பார். மடியில் வைத்திருக்கும் தாளில் பிள்ளையின் இலக்கத்துக்கு நேரே புள்ளியை எழுதுவார். பெயர் அவருக்குத் தெரியாது.

மொத்தப் புள்ளியில் பாதி இந்த வாசிப்புக்குத்தான். “கணக்கை ஒரு மாதத்திலை உருவேத்தலாம். வாசிப்பை உருவேத்த ஏலாது” என்பது அவருடைய வாதம். எனக்குத் தந்த வேலை இரண்டு: மட்டையைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம் என்பதை என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

எங்கள் சனம் லேசான சனமா? கதிரை திரும்பிய செய்தி பரவியதும் அதைச் சுற்றிப் போக வழி தேடத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை வாசிப்பதற்கு முன் மூன்று தரம் இருமியது. நோயோ என்று நான் தண்ணீர் கொடுக்கப் போனேன். பிறகுதான் தெரிந்தது, யாருடைய பிள்ளை என்று காட்டத் தகப்பன் சொல்லிக் கொடுத்த சமிக்ஞை என்று. வேலணைப் பக்கத்தில் பெரிய காணிக்காரர் ஒருவரின் மகன் மட்டையைக் கையில் வாங்கியதும், “அப்பா உங்களைச் சுகம் விசாரிச்சவர்” என்று தொடங்கினான்.

“சுகமா இருக்கிறன் எண்டு சொல்லும். இப்ப வாசியும்” என்றார் சேர், சுவரைப் பார்த்தபடி.

இன்னொரு சிறுமி அவரைப் “பெரியப்பா” என்று கூப்பிட்டாள். உண்மையிலேயே தூரத்துச் சொந்தமாம். “இங்கை பெரியப்பா ஒருத்தரும் இல்லை, வாசியும்” என்றார். அந்தப் பிள்ளை நன்றாக வாசித்தாள், இடமும் கிடைத்தது. ஆனால் சொந்தக்காரர்கள் அவரோடு கதைக்காமல் விட்டது விட்டதுதான்.

அவருக்குப் பிடிக்காத இன்னொன்று இருந்தது. சில பிள்ளைகள் எதை வாசித்தாலும் ராகம் போட்டு இழுப்பார்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசித்து வாசித்து வந்த பழக்கம் அது. ராகம் போடுகிற பிள்ளை பொருள் விளங்காமல் வாசிக்கிறது என்பது அவருடைய முடிவு. ஒரு வருடம் நாரந்தனையிலிருந்து கணேசு என்று ஒரு பொடியன் வந்தான். கணக்கில் முழுப் புள்ளிக்குக் கிட்ட. மட்டையைக் கொடுத்தால் பாட்டுத்தான் வந்தது. “பாட்டு முடிஞ்சுதோ? இனி வாசியும்” என்றார் சேர். பொடியன் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் கூடவே இழுத்தான். மற்றக் கதவால் போகும்போது திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லைத்தான். ஆனால் முறை என்றால் முறை, நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த மார்கழியில்தான் நான் சொல்ல வந்த காரியம் நடந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. வாடைக்காற்று யன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நயினாதீவிலிருந்து வர வேண்டியவர்கள் கடல் கொந்தளிப்பால் சுணங்கி, கணக்குத் தொடங்குகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் சபாபதி ஐயர். அங்கே ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர். பக்கத்தில் அவருடைய மகள் புவனா, நெற்றியில் விபூதி, தலை நனைந்திருந்தது. நான் அவளை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டுப் பெயரைப் பதிய வந்தபோது ஐயர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“ரீச்சர், உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும். எங்கடை வீட்டிலை பெட்டைப் பிள்ளையளை அஞ்சுக்கு மேலை படிப்பிச்ச வழக்கம் இல்லை. நான்தான் அண்ணையோடை சண்டை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான். இடம் கிடைச்சால் கரம்பொன்னிலை மாமி வீட்டிலை நிண்டு படிக்கட்டும், கிடைக்காட்டில் இனிமேல் படிப்பெண்ட பேச்சே எடுக்கக் கூடாது எண்டு அண்ணை சொல்லிப் போட்டார்.”

“ஐயா, இதை என்னட்டைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பெரிய சேர் சுவரைத்தான் பாப்பார்.”

“தெரியும். சொன்னால் ஒரு ஆறுதல், அதுதான்” என்றார். பாவமாக இருந்தது.

பிந்தி வந்தவர்கள் என்பதால் வாசிப்பில் நயினாதீவுப் பிள்ளைகள் கடைசியில் நின்றார்கள். அவர்களிலும் கடைசி புவனா. அந்த வருடத்துப் பந்தி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். முருகேசர் என்று ஒருவர் மாட்டை விற்க அக்கரைக்குப் புறப்படுகிறார். வள்ளத்தைத் துறையில் ஒரு கட்டையில் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். குடித்துவிட்டு வந்து மாட்டைத் தள்ளி வள்ளத்தில் ஏற்றுகிறார். தானும் ஏறித் தண்டு வலிக்கிறார். வள்ளம் போகவில்லை. மாடு பாரம் என்று அதை இறக்கிவிட்டு வலிக்கிறார். அப்போதும் போகவில்லை. எதிர்க்காற்று என்று காற்றைத் திட்டுகிறார். இருட்டும்வரை வலித்துக்கொண்டே இருக்கிறார். இவ்வளவுதான் பந்தி. கடைசியில் சேர் கேட்கிற கேள்வி: “வள்ளம் ஏன் போகேல்லை?”

கட்டையில் கட்டிய கயிற்றை மனுசன் அவிழ்க்கவில்லை. பந்தியில் அதைச் சேர் சொல்லாமல் விட்டிருந்தார். கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் எல்லாரும். ஆனாலும் தண்ணீர் ஓடுவதுபோல் வாசித்த பிள்ளைகளில் முக்கால்வாசி “எதிர்க்காத்து, சேர்” என்றார்கள்.

புவனா உள்ளே வந்தாள். மட்டையைக் கொடுத்தேன். வாங்கினாள். மேலிருந்து கீழே அவள் கண் போனதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

“வாசியும்” என்றார் சேர்.

சத்தம் இல்லை. யன்னல் ஒருமுறை அடித்தது.

“பயப்பிட வேண்டாம். ஆறுதலா வாசியும்.”

அதற்கும் சத்தம் இல்லை. சேர் தலையைத் திருப்பாமலே கேட்டார்: “ரீச்சர், பிள்ளை நிக்குதோ?”

“நிக்கிறா சேர்.”

“மட்டை கையிலை இருக்கோ?”

“இருக்குது சேர்.”

“வாய்?”

“மூடியிருக்குது சேர்.”

குனிந்து, “தொண்டை நோகுதோ?” என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். “பேச ஏலாத பிள்ளையோ?” அதற்கும் இல்லை. சுட்டுவிரலை உதட்டில் வைத்து, பிறகு இரண்டு கையையும் கூப்பி யன்னல் பக்கம் காட்டினாள். நயினாதீவு இருக்கிற திசை அது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நிமிடம் பொறுங்கோ சேர் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

ஐயர் விறாந்தையில் நின்றார். விசயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போயிற்று.

“அவ இண்டைக்குப் பேச மாட்டா ரீச்சர். தாய் அம்மனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. பரீட்சை நாள் விடிஞ்சதிலையிருந்து பிள்ளை மௌனமா இருந்து, பின்னேரம் அம்மன் வாசல்லை விளக்கேத்திப் போட்டுத்தான் வாய் திறக்கும் எண்டு. பரீட்சையெண்டால் கதைக்கக் கூடாதுதானே, கதைச்சால் வெளியிலை அனுப்பிப் போடுவினம், இது தோதான நேர்த்தி எண்டு தாய் சொன்னவ. எனக்கும் சரியாத்தான் பட்டது.”

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இடம் கிடைக்க வேண்டுமென்று வைத்த நேர்த்தியே இடத்தைக் கெடுக்கிறது. இப்படியொரு காரியத்தை எங்கள் சனத்தைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

ஐயர் என் பின்னாலேயே கந்தோர் வாசல்வரை வந்துவிட்டார். உள்ளே வரப் பயம். நேர்த்தியைப் பற்றி நான் சேருக்குச் சொன்னதும் ஐயர் வாசலில் நின்றபடி, “சேர், நான் சொன்னால் பேசுவா. பேசச் சொல்லட்டோ?” என்று கேட்டார். கோயிலில் பூசை செய்கிற மனுசன், தன் வாயாலே நேர்த்தியை முறிக்கச் சொல்லப் போகிறார். புவனா தகப்பனைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் நீர் முட்டியது, உதடு மட்டும் அசையவில்லை.

“வேண்டாம்” என்றார் அருளப்பு சேர். இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ரை அம்மாவும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சுத்தான் என்னைப் படிப்பிச்சவ. அதை முறிச்சுப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வா எண்டு நான் ஒரு பிள்ளையிட்டையும் கேக்க மாட்டன். நீங்கள் வெளியிலை இருங்கோ ஐயர்.”

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வசனத்தில் போய்விட்டது. “ஆனால் வாசிக்காத பிள்ளைக்கு வாசிப்புப் புள்ளி போடவும் ஏலாது, ரீச்சர்.”

“திங்கக்கிழமை கூப்பிடுவமோ சேர்?”

“திங்கக்கிழமைக்கிடையிலை முருகேசர் கயிறு அவிழ்க்காத கதை நெடுந்தீவு வரையும் போயிடும்.”

“வேறை பந்தி எழுதினால்?”

“அப்ப மற்றப் பிள்ளையள் ஒரு பரீட்சை, இவ வேறை பரீட்சை. அது முறையோ?”

முறையில்லைத்தான். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முந்தின வருடம் அந்தக் கணேசு திரும்பிப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“சேர், வாசிக்கிறது கண்ணாலையோ வாயாலையோ?”

“கண்ணாலைதான்” என்றார். “ஆனால் கண்ணாலை வாசிக்கிறதை நான் என்னெண்டு காதாலை கேக்கிறது?”

“கேக்க வேண்டாம். திரும்பிப் பாருங்கோ.”

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னேன் என்று உறைத்தது. ‘நல்லது’ வரப்போகிறது என்று எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை. கதிரைக் கால்கள் சீமெந்து நிலத்தில் கிறீச்சென்று உரசின. அருளப்பு சேர் மேசையைப் பார்க்கத் திரும்பினார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. திரும்பினாலும் மனுசன் விட்டுக்கொடுக்கவில்லை. நெற்றியில் கையை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு மேசையை மட்டும் பார்த்தார்.

“பிள்ளை, உம்மடை முகம் எனக்கு வேண்டாம். கையை மட்டும்தான் பாப்பன். மட்டையிலை உள்ளதை வாசியும். வாசிச்சதை இந்த மேசையிலை உள்ள சாமானுகளை வைச்சுச் செய்து காட்டும்.”

புவனா மறுபடியும் வாசித்தாள். மட்டையைக் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்து, சோக்குப் பெட்டியை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற சோக்குகளைக் கவனமாக ஒரு பக்கம் கொட்டினாள். அதுதான் வள்ளம். மைப்போத்தல் மாடு. கோடு போடுகிற அடிமட்டம் தண்டு. காகிதக் கோவை கட்டுகிற சிவப்பு நாடா ஒன்று கிடந்தது. அதன் ஒரு நுனியைப் பெட்டியில் ஒரு ஓட்டை வழியாகக் கோத்து முடிந்தாள். மேசையைச் சுற்றிப் போய், மற்ற நுனியைச் சேர் பக்கத்து மேசை லாச்சியின் கைபிடியில் கட்டினாள். இரண்டு முடிச்சு. என்னுடைய வெறும் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிப்பதுபோல் செய்தாள். பிறகு மாட்டைப் பின்னாலிருந்து தள்ளினாள். மாடு லேசில் ஏறவில்லை. அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றினாள். அடிமட்டத்தால் வலித்தாள். மாட்டை இறக்கினாள். வலித்தாள். யன்னலைப் பார்த்துக் கையை ஓங்கி, சத்தமில்லாமல் காற்றை அப்படியொரு ஏச்சு ஏசினாள். எனக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

“வள்ளம் ஏன் போகேல்லை?” என்று கேட்டார் சேர்.

புவனா பெட்டியைப் பிடித்துச் சேர் இருந்த பக்கமாகப் பலமாக இழுத்தாள். நாடா விறைத்தது. லாச்சி தடாரென்று திறந்துகொண்டு சேரின் வயிற்றில் போய் முட்டியது. அவள் முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

அருளப்பு சேர் சிரித்தார். முகத்தை மறைத்த கை தானாகவே கீழே விழுந்துவிட்டது. அவருக்குச் சிரிக்க வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சிரித்து முடிந்ததும் தாளை எடுத்துப் புள்ளியை எழுதினார். “சரி” என்றார். எவ்வளவு போட்டார் என்று நான் எட்டிப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வெளியே போய் ஐயரிடம், “இனி வள்ளத்தைப் பிடியுங்கோ, விளக்கு வைக்க நேரமாகுது” என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது. மகளின் தலையில் கையை வைத்து, அப்படியே துறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

புவனாவுக்கு இடம் கிடைத்தது. கதை இதோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். முடியவில்லை.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள். நானும் சேரும் கந்தோரில் எந்த நேரம் எந்தப் பாடம் என்று நேரசூசி போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் புவனா வந்து நின்றாள், புதுச் சட்டை, புதுப் புத்தகப் பை.

“சேர், நான் வாசிக்காமல் விட்டிட்டுப் போன பந்தியை வாசிக்க வந்தனான்.”

அவளுடைய குரலை நாங்கள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். நல்ல கணீரென்ற குரல். சேர் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி, கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் அலுமாரியைத் திறந்து மட்டையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஒரே பெருமை, என் பிள்ளை வாசிக்கப் போவதுபோல.

“ம், வாசியும்.”

வாசித்தாள். வாசித்தாளா? தேவாரம் படித்தாள். முருகேசர் பண்ணோடு புறப்பட்டார், மாடு உருக்கத்தோடு வள்ளத்தில் ஏறியது, தேநீர்க்கடையில் ஒரு நீண்ட இழுவை இழுத்து இறங்கினாள். கோயில் வீட்டில் பிறந்த பிள்ளை, வாய் திறந்த நாள் முதல் பாடிப் பழகியவள். எதை வாசித்தாலும் அப்படித்தான் வரும். நாரந்தனைக் கணேசின் ராகம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. நான் சேரின் முதுகைப் பார்த்தேன். முதுகு அசையவில்லை.

முடித்ததும் அவர் மெல்லச் சொன்னார்: “பிள்ளை, அண்டைக்கு நீர் வாய் திறந்திருந்தால் நான் உம்மை எடுத்திருக்க மாட்டன்.”

“ஓம் சேர்,” என்றாள் அவள். கொஞ்சம்கூடத் தடுமாற்றமில்லை. “அது அம்மாவுக்குத் தெரியும். முந்தின வருஷம் நாரந்தனையிலை ஒரு அண்ணை பாடினதாலை விட்டிட்டினம் எண்டு மாமி வந்து சொன்னவ. நீ வாய் திறந்தால் பாட்டுத்தான் வரும், பேசாமல் இரு, மிச்சத்தை அம்மன் பாப்பா எண்டுதான் அம்மா நேர்த்தி வைச்சவ. அப்பாவுக்கு இதொண்டும் தெரியாது.”

இருமலும் சுகவிசாரிப்பும் பெரியப்பாவும் வந்து மோதித் தோற்ற அந்த முதுகை, நயினாதீவில் அடுப்படியை விட்டு நகராத ஒரு பெண் திருப்பி வைத்துவிட்டாள். அது நேர்த்தியா தந்திரமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அம்மன் கோபிக்கப் போவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புவனாவை வகுப்புக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் சேர் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ரீச்சர், அந்த நாரந்தனைப் பொடியனுக்குக் கணக்கு எப்பிடி?”

“முழுப் புள்ளிக்குக் கிட்ட, சேர்.”

“இப்ப எங்கை நிக்கிறான்?”

“தேப்பனோடை புகையிலைத் தோட்டத்திலை எண்டு கேள்வி.”

“அவனுக்கு விளங்கினதோ இல்லையோ எண்டு நான் பாக்கவே இல்லை” என்றார்.

அன்று பின்னேரமே குடையை எடுத்துக்கொண்டு நாரந்தனைக்கு நடந்தார். அடுத்த நாள் காலையில் கணேசு கந்தோரில் நின்றான். காலில் தோட்டத்து மண், கண்ணில் பயம். சேர் இரவோடு ஒரு புதுப் பந்தி எழுதி வைத்திருந்தார். மட்டையைக் கையில் வாங்கியதும் பொடியன் மூச்சை இழுத்துச் சுருதி சேர்த்தான். சேர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வாய் வேண்டாம், தம்பி” என்று சொல்லிச் சோக்குப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. முந்தின தடவையும் விளங்கித்தான் இருந்திருக்கும். இப்படி இடையில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது சட்டப்படி சரியா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘நல்லது’ என்றிருப்பார். அடுத்த மார்கழியிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்போடு சோக்குப் பெட்டியும் வைத்தோம். ராகத்துக்குப் புள்ளி வெட்டுவது அதோடு நின்றது.

ஆனால் அன்றைக்கு ஒரு சின்னத் தொல்லை இருந்தது. “சேர், வகுப்பிலை இவன் இருக்க ஒரு வாங்குகூட இல்லை” என்றேன்.

அருளப்பு சேர் எழும்பினார். “இந்தக் கதிரையைக் கொண்டு போங்கோ.”

“அப்ப நீங்கள்?”

“நான் சுவரைப் பாத்தது போதும், ரீச்சர்.”

தேக்கங் கதிரை, நல்ல பாரம். நான் ஒரு பக்கமும் கணேசு ஒரு பக்கமுமாகப் பிடித்து விறாந்தை வழியே தூக்கிக்கொண்டு போனோம். வகுப்பில் புவனா தன் வாங்கை ஒரு பக்கம் இழுத்து இடம் விட்டாள். கதிரையைக் கரும்பலகையைப் பார்க்க வைத்தோம். கணேசு அதில் ஏறி உட்கார்ந்தான், அவனுடைய கால் நிலத்தில் முட்டவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. சோக்கை எடுத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினேன்.